அடுப்பு பிடிச்சிருச்சு!

மார்கழி மாதம். மணி நாலரை. பொன்னேரியில் வண்டியை எடுத்து, தச்சூர் கூட்டுச்சாலையில் நெடுஞ்சாலை ஏறி, கவரைப்பேட்டை தாண்டி வந்துகொண்டிருக்கிறேன். ரெண்டு பக்கமும் வயல், வயலுக்கு மேலே இடுப்பளவு பனி. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினால் மூக்கு எரிகிறது, இறக்கினால் ஆவி படிந்து பாதை தெரியவில்லை. பத்து விரலும் விறைத்துப்போய் பிரேக்கை மட்டும் கெட்டியாகப் பிடித்திருக்கின்றன. எங்கள் பக்கத்தில் 20 டிகிரி வந்துவிட்டாலே அது குளிர்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் திரும்பியதும் இரும்பு உருட்டாலையின் கூரைக்கு மேலே வானம் லேசாகச் சிவந்து தெரியும். அதையும் தாண்டிப் போனால் எங்கள் பட்டறையின் தகரக் கதவு. அந்தக் கதவிடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம், நல்ல ஆரஞ்சு நிறத்தில், ஈரத் தரையில் விழுந்து ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த நொடியில் எனக்கு என்ன ஆகும் தெரியுமா? எனக்கு 47 வயது. ஸ்டாண்டு போடக்கூடப் பொறுமை இல்லாமல் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடுவேன். ஓடித்தான் போவேன்!

“அண்ணே, பிடிச்சிருச்சா?”

“பிடிச்சிருச்சு தம்பி, வா வா.”

இந்த ரெண்டு வரிக்காகத்தான் நான் மூன்று வருடமாகக் காலையில் எழுந்திருக்கிறேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்புங்கள். பிடித்தது எங்கள் அடுப்பு. விறகு எரிக்கிற கட்டையடுப்பு. ஆள் உயரத்துக்கு இரும்புத் தகடு, உள்ளே சூளைச் செங்கல் கட்டு, முன்னால் ஒரு வார்ப்பிரும்புக் கதவு, பின்னால் கூரையைத் துளைத்துக்கொண்டு போகிற புகைபோக்கி. பார்க்க அவ்வளவுதான். ஆனால் எங்கள் பட்டறை முழுவதும் அதன் மூச்சில்தான் ஓடுகிறது!

முதலில் பட்டறையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அடுப்பின் அருமை புரியும். நாங்கள் செய்வது பேலட். தொழிற்சாலையில் இருந்து சரக்கு கப்பலுக்குப் போகும்போது அடியில் வைப்பார்களே, ஃபோர்க்லிஃப்ட் தன் ரெண்டு கையையும் நுழைத்துத் தூக்குகிற மரப் பலகைத் தட்டு, அதேதான். இந்த வட்டாரத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள். ஒரு பக்கம் எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், கொஞ்சம் தள்ளிச் சென்னைத் துறைமுகம். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு இருக்கிற இடத்தில் எல்லாம் பேலட் வேண்டும். ஆகவே ரம்பம் நாள் முழுக்க ஓடும். ரம்பம் ஓடினால் மரத்தூள் விழும், துண்டுக்கட்டை விழும், சிராய் விழும். முன்பெல்லாம் அது ஒரு மலையாகக் குவிந்து, மழையில் ஊறி, கரையான் பிடித்துக் கிடக்கும். இன்றைக்கு அந்த மலைதான் எங்கள் எரிபொருள் கிடங்கு. பலகை அறுத்த மிச்சம், அந்தப் பலகையில் செய்த பேலட்டையே சூடாக்குகிறது. யோசித்துப் பாருங்கள், எவ்வளவு அழகான கணக்கு!

பேலட்டை எதற்காகச் சூடாக்க வேண்டும்? இதையும் கேளுங்கள், இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கு இன்னும் மயிர் கூச்செறியும். 1996இல் அமெரிக்காவில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், தெருவோர மரங்களில் வட்ட வட்டமாக ஓட்டைகள் விழுந்திருப்பதை மக்கள் பார்க்கிறார்கள். ஆராய்ந்தால், ஆசியாவைச் சேர்ந்த ஒரு நீண்ட கொம்பு வண்டு! கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, உடம்பைவிட நீளமான மீசை. சீனாவில் இருந்து சரக்கோடு வந்த மரப்பெட்டிக்குள் புழுவாக ஒளிந்து கடல் தாண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரிக்க வேண்டியதாகிவிட்டது. 1999இல் போர்ச்சுகலில் பைன் மரங்களை வாட வைக்கிற நூற்புழு பிடிபட்டது. ஒரு பெட்டி, ஒரு பலகை, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி, அது போய் இறங்குகிற நாட்டில் காடே காலி! அதற்குப் பிறகுதான் 2002இல் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி வந்தது. நாடு விட்டு நாடு போகிற மரப்பெட்டி, பேலட் எல்லாவற்றுக்கும் பட்டை உரித்திருக்க வேண்டும், பூச்சி சாகிற மாதிரி பக்குவம் செய்திருக்க வேண்டும். மெத்தில் புரோமைடு புகை போடுவது ஒரு வழி, ஆனால் அது ஓசோன் படலத்தைக் கெடுக்கிற வாயு. இன்னொரு வழி சூடு. மரத்தின் மேல்தோல் சூடானால் போதாது. நட்ட நடு உள்ளம் வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ் ஏற வேண்டும், ஏறி, இடைவிடாமல் 30 நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். 29 நிமிடம் நின்று இறங்கினால்? செல்லாது. முதலில் இருந்து 30 நிமிடம்!

இப்போது நான் சொல்வதை மனசுக்குள் வரைந்துகொள்ளுங்கள். லாரி நிற்கிற அளவுக்கு ஒரு நீளமான அறை. சுவர், கூரை, கதவு எல்லாம் சூடு வெளியே போகாதபடி உள்ளே பஞ்சு வைத்த தகடு. அதற்குள் கூரை தொடும் அளவுக்கு 300 பேலட் அடுக்கியிருக்கிறோம், அடுக்குக்கு அடுக்கு காற்றுப் போக இடைவெளி விட்டு. அறைக்கு வெளியே ஒட்டினாற்போல நம் அடுப்பு. அடுப்பின் நெருப்புக் காற்று தடிமனான குழாய்களுக்குள் புகுந்து வளைந்து வளைந்து புகைபோக்கிக்குப் போகிறது. அந்தக் குழாய்களை வெளிப்பக்கமாகத் தடவிக்கொண்டு பெரிய விசிறிகள் சுத்தமான காற்றை அறைக்குள் தள்ளுகின்றன. புகை ஒரு வழி, சூடு ஒரு வழி. ஒரு சொட்டுப் புகைகூட மரத்தில் படாது. எல்லாவற்றிலும் தடிமனான மரத்துண்டாகப் பார்த்து, காற்று குறைவாகப் போகிற மூலையில் வைத்து, துளை போட்டு, உள்ளே ஒரு மெல்லிய வெப்பக் கம்பியைச் செருகி வாயை அடைத்துவிடுவோம். அந்தக் கம்பி மரத்தின் உள்ளத்தில் இருந்து வெளியே இருக்கிற பெட்டிக்குச் சேதி சொல்லும். சிவப்பு எழுத்தில், ஒரு புள்ளி தள்ளி, தசமத்தோடு! அந்தச் சிவப்பு எழுத்துக்கு முன்னால் நான் கழித்த மணிநேரங்களைக் கூட்டினால் நாலு சினிமா பார்த்திருக்கலாம். எனக்கு இதுதான் சினிமா.

முன்னால் இங்கே டீசல் பர்னர் இருந்தது. பொத்தானைத் தட்டினால் உஸ்ஸென்று எரியும். டீசல் விலை ஏற ஏற முதலாளி முகம் இறங்கும். டீசலில் கிலோவுக்குப் பத்தாயிரம் கிலோகலோரி சொச்சம் சூடு இருக்கிறது, நன்றாகக் காய்ந்த கட்டையில் கிலோவுக்கு 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டரைக் கிலோ கட்டை ஒரு கிலோ டீசலுக்குச் சமம். அந்த ரெண்டரைக் கிலோவை நாங்கள் வாசலில் குப்பையாகக் குவித்து வைத்திருந்தோம்! ஒரு லோடு பேலட்டைப் பக்குவம் பண்ண நூறு கிலோ சொச்சம் துண்டுக்கட்டை போதும் என்று முதல் வாரத்திலேயே தெரிந்தபோது, நான் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு, திரும்பத் திறந்து, இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன். கணக்கு பார்க்கத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்த்து ஒரு மனுஷனுக்குச் சந்தோஷத்தில் கை நடுங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுப்பு மூட்டுகிற அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் எப்படி! ஊர் ஆரம்பாக்கம் பக்கம். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார், ரெண்டும் புரியாதவர்களுக்குக் கையைக் காட்டிப் புரிய வைப்பார். செங்குன்றம் அரிசி ஆலைகளில் உமி அடுப்பு பார்த்துப் பழகிய கை. கட்டையைக் கையில் எடுப்பார், ரெண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுவார். ‘டொக்’கென்று மந்தமாகக் கேட்டால் ஒதுக்கிவிடுவார், ‘டிங்’கென்று மணி மாதிரி கேட்டால் அடுப்புக்கு. ஈரக்கட்டையின் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை விரட்டவே போய்விடும் என்பதை எனக்கு எந்தப் புத்தகமும் இப்படிச் சொல்லித் தந்ததில்லை. “தம்பி, கட்டை மொதல்ல அழும், அப்புறம் பாடும், அப்புறம் பேசாம இருக்கும். பேசாம இருக்கிறப்பதான் அதுக்கு ஜாஸ்தி சூடு” என்பார். நான் அடுப்புக் கதவின் சின்னத் துளை வழியாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். சத்தியமாக அப்படித்தான்! முதலில் கட்டையின் வெட்டுமுனையில் நுரை கட்டி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொதிக்கிறது, அழுகிறது. அப்புறம் கட்டையில் இருந்து புகை கிளம்பி, அந்தப் புகையே தீப்பிடித்துக் கொள்கிறது, உய்ய் என்று மெல்லிசாக ஒரு சத்தம், பாடுகிறது. மரத்தின் எடையில் முக்கால் பங்கு இப்படி வாயுவாகக் கிளம்பித்தான் எரியும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நாம் கட்டை எரிவதாக நினைக்கிறோம், எரிவது கட்டையின் மூச்சு! கடைசியில் எல்லாம் அடங்கி, ஒரு தீ நாக்குகூட இல்லாமல், மாம்பழ நிறத்தில் கங்கு மட்டும் உட்கார்ந்திருக்கும். பேசாமல் இருக்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோக முடியாது.

அதனால்தான் மேல்பக்கத்துக் காற்று வழியை அண்ணன் அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்வார். அடியில் விடுகிற காற்று கங்குக்கு, மேலே விடுகிற காற்று புகைக்கு. மேல் காற்று சரியாக விழுந்தால் புகை எல்லாம் உள்ளேயே எரிந்து, புகைபோக்கி நுனியில் வெறும் வெயில் நடுங்குகிற மாதிரி ஒரு ஆட்டம் மட்டும் தெரியும். நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வெளியே போய் அண்ணாந்து பார்ப்பேன். புகை இல்லையா? இல்லை! உள்ளே ஓடிவந்து சொல்வேன். அவருக்கு அது முன்பே தெரியும். இருந்தாலும், பள்ளிப் பிள்ளை ஓவியம் வரைந்து காட்டினால் வாத்தியார் பார்ப்பாரே, அப்படி ஒரு சிரிப்போடு தலையாட்டுவார்.

எல்லாக் கட்டையும் ஒரே மாதிரி எரியாது. பைன் பலகைத் துண்டு இருக்கிறதே, அதற்குள் பிசின். வைத்த உடனே படபடவென்று பிடித்து, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி கலகலப்பாக எரிந்து, சீக்கிரம் கிளம்பிவிடும். ரப்பர் மரத்துண்டு நிதானம். தைலமரம் வாசனையோடு எரியும். இவை எல்லாம் இருந்தும், கடைசி அரைமணி நேரத்துக்கு, அந்த 30 நிமிடம் நிற்க வேண்டிய நேரத்துக்கு, அண்ணன் எடுப்பது சவுக்கு. ஆகா, சவுக்கு! பழவேற்காடு பக்கத்து மணலில் வரிசை வரிசையாக நிற்குமே, காற்றடித்தால் கடல் மாதிரியே இரைச்சல் போடுமே, அந்தச் சவுக்கு. கிலோவுக்குக் கிட்டத்தட்ட 5,000 கிலோகலோரி. நின்று எரியும், அசைந்து கொடுக்காது. ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாயில் படகு படகாகச் சென்னைக்கு விறகு வந்திருக்கிறது. நம் பாட்டிமார்கள் சோறு வடித்தது அந்த விறகில்தான். அந்தக் கால்வாய் எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் கடலோரம் போகிறது. கட்டை ஒன்றை அடுப்பில் வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகுகள் ஞாபகத்துக்கு வரும். பெயின்ட் அடித்த துண்டு, பிளைவுட் துண்டு ரெண்டையும் மட்டும் கிட்டேயே சேர்ப்பதில்லை, பசையும் சாயமும் எரிந்தால் விஷக்காற்று. மற்றபடி எது வந்தாலும் வரவேற்பு!

இனி அந்த முதல் ராத்திரியைச் சொல்கிறேன். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், எனக்குக் கையை வீசிப் பேச இடம் வேண்டும்.

புது அடுப்பு கட்டி முடித்து முதல் முழு லோடு. சாயங்காலம் 6 மணிக்கு அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டோம். பெட்டியில் சிவப்பு எழுத்து 29.4. அண்ணன் ஒரு கற்பூரத் துண்டை மரச்சீவலுக்கு நடுவில் வைத்துப் பற்ற வைத்தார், சீவல் சுருள் சுருளாகச் சிவந்தது, மேலே சிராய், அதற்கு மேலே பைன் துண்டு, கதவைச் சாத்தியதும் உள்ளே இருந்து குபுகுபுவென்று ஒரு முழக்கம், தேர் வடம் இழுக்கும்போது கூட்டத்தில் இருந்து கிளம்புமே, அந்த மாதிரி. 7 மணிக்கு 34. 8 மணிக்கு 43. அறைக்குள் காற்று எப்போதோ 70ஐத் தாண்டிவிட்டது, ஆனால் மரத்தின் உள்ளம் மட்டும் அதன் பாட்டுக்கு மெதுவாக, யார் சொன்னாலும் கேட்காமல் ஏறுகிறது. 9 மணிக்கு 51. நான் சாப்பிடப் போகவில்லை. வீட்டில் இருந்து போன், “வரீங்களா இல்லையா?” “ஐம்பத்தொண்ணு ஆயிடுச்சு!” என்றேன். எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துப் பயந்துவிட்டாள், பாவம். 54.2. அங்கேயே நிற்கிறது. 54.3. என் உள்ளங்கை வேர்க்கிறது. 54.9. அண்ணன் எழுந்தார், சவுக்குக் கட்டை நாலை எடுத்துக் கோயிலில் விளக்கு வைக்கிற மாதிரி ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார், அடிக் காற்று வழியைக் கால் விரல் அகலம் திறந்தார், அடுப்பு ஒரு தடவை ஆழமாக மூச்சிழுத்தது, நான் கேட்டேன், என் காதால் கேட்டேன், விசிறிகளின் சத்தம்கூட மாறின மாதிரி இருந்தது, 55.4, 55.7, ரம்பத்துப் பையன்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நிற்கிறார்கள், பீகார் பையன் ஒருவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறான், 55.8, யாரும் பேசவில்லை, 55.9, அதிலேயே நிற்கிறது ஐயா, நிற்கிறது, நிற்கிறது, நான் மனசுக்குள் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்றுகூட நினைவில்லை, எல்லாச் சாமியையும் கூப்பிட்டிருப்பேன், 56.0! கத்தினேன். வெட்கமே இல்லாமல், ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு, சேப்பாக்கத்தில் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தால் எப்படிக் கத்துவேனோ அப்படிக் கத்தினேன். பையன்களும் கத்தினார்கள். அண்ணன் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் முப்பது நிமிஷம் இருக்கு தம்பி.”

அந்த 30 நிமிடம்! என் கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்குக் காத்திருந்த நேரம்கூட அவ்வளவு நீளமாக இருந்ததில்லை. 56.8, 57.5, 58. அண்ணன் அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கங்கை நீளக் கம்பியால் லேசாகத் தள்ளி, பரப்பி, அணைத்து, குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி கவனித்துக்கொண்டே இருந்தார். ஒரு தடவைகூடக் கீழே இறங்கவில்லை. நேரம் முடிந்து, சூடு தணியவிட்டுக் கதவைத் திறந்தோம் பாருங்கள், அந்த வாசனை, அதை எழுத எனக்கு வார்த்தை போதாது, இருந்தாலும் எழுதிப் பார்க்கிறேன்: புதிதாய் அறுத்த மரம், உருகிய பிசின், வெயிலில் காய்ந்த நெல், கொஞ்சம் கற்பூரம், மழை நின்ற பிறகு காட்டில் அடிக்கிற ஆவி, எல்லாம் கலந்து வெதுவெதுப்பாக முகத்தில் வந்து மோதியது. பேலட் ஒவ்வொன்றும் தேன் தடவிய மாதிரி மினுங்கியது. நான் ஒரு பேலட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது, உயிருள்ளது மாதிரி. கண் கலங்கிவிட்டது. புகை இல்லை, நிஜமாகவே கலங்கியது.

மறுநாள் முத்திரை. நெல்கதிர் மாதிரி ஒரு சின்னம், பக்கத்தில் ஐபிபிசி எழுத்து, இந்தியாவுக்கு ஐஎன், பட்டறையின் எண், அப்புறம் சூடேற்றியது என்பதற்கு ஹெச்டி என்று ரெண்டு எழுத்து. அடுத்த தடவை எந்தக் கிடங்கிலாவது பேலட்டைப் பார்த்தால் குனிந்து அதன் பக்கவாட்டில் பாருங்கள், இந்த முத்திரை கறுப்பாக இருக்கும். ரெண்டு எழுத்துதான். அதற்குப் பின்னால் எங்கோ ஒரு நெருப்பு, ஒரு ராத்திரி, கண் விழித்த ஒரு மனுஷன்.

பெரிய அடுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் சின்ன அடுப்பு கோபித்துக்கொள்ளும்! அதையும் கேளுங்கள். பட்டறை மூலையில் எங்களுக்கு ஒரு மரத்தூள் அடுப்பு உண்டு. பழைய பெயின்ட் டின், அடியில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. டின்னுக்கு நடுவில் ஒரு கண்ணாடி பாட்டிலை நிறுத்தி, அடி ஓட்டை வழியாக ஒரு கழியை விட்டுப் பாட்டிலைத் தொட வைத்து, சுற்றிலும் மரத்தூளைப் போட்டுக் கட்டையால் இடித்து இடித்துக் கெட்டிக்க வேண்டும். அப்புறம் பாட்டிலையும் கழியையும் மெதுவாகத் திருகி உருவ வேண்டும். உள்ளே ‘ட’ மாதிரி ஒரு சுரங்கம்! அடியில் தீயை வைத்தால் சுரங்கத்தின் உட்சுவர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து, புகை நடுத்துளையிலேயே எரிந்து, ஊதாங்குழலே வேண்டாம், காலையில் வைத்தால் மதியச் சாப்பாடு வரை தானாக எரியும். யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும். என் சின்ன வயசில் எங்கள் தெரு மரப் பட்டறையில் இதே அடுப்பின் மேல்தான் வஜ்ரம் காய்ச்சுவார்கள். தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி, அதற்குள் தோலில் இருந்து எடுத்த அந்தப் பசை. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம், ஆனால் ஒட்டினால் மேசையும் காலும் ஜென்மத்துக்கும் பிரியாது. 1959இல் ஃபெவிகால் வந்தது, வஜ்ரச் சட்டி மெல்ல மெல்லப் பரணுக்குப் போனது. அடுப்பு மட்டும் போகவில்லை, எங்கள் பட்டறையில் டீ போட உட்கார்ந்துவிட்டது.

அந்த அடுப்பைச் சுற்றி விடிகாலையில் எங்கள் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! ரம்பத்துப் பையன்கள் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு கையை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒடிசாக்காரன், பீகார்க்காரன், ஊத்துக்கோட்டைக்காரன், சூளூர்ப்பேட்டைக்காரன். பேசுகிற பாஷை நாலு, காய்கிற நெருப்பு ஒன்று. பீகார்ப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை பெரிய அடுப்பின் கங்கைக் கொஞ்சம் வாரி வெளியே பரப்பி, வறுத்த கடலைமாவு பொதிந்த லிட்டி உருண்டைகளை அதில் புரட்டிப் புரட்டிச் சுடுவார்கள். சாம்பலைத் தட்டிப் பிட்டு, நெய்யில் தோய்த்து ஒன்று வாயில் போட்டார்கள் பாருங்கள், நாலு கும்மிடிப்பூண்டிக்காரன் அன்றைக்கு வீட்டுச் சாப்பாட்டை மறந்தான். நாங்கள் பதிலுக்குச் சாம்பலுக்குள் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்து வைத்துக் கொடுத்தோம். தோல் கருகி, உரித்தால் உள்ளே பாகு மாதிரி! தை மாதத்தில் பனங்கிழங்கு. அதைச் சுட்டு, நாரைக் கிழித்து, மிளகு உப்புத் தொட்டு, ஒரு கையில் கறுப்பு டீயோடு, வெளியே பனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, முதுகில் பெரிய அடுப்பின் சூடு, முகத்தில் சின்ன அடுப்பின் சூடு. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள்!

சரி, ஐப்பசி மழையில் கட்டை ஊறினால் அடுப்பு அழுதுகொண்டே இருக்கும், கண்ணும் எரியும், புகைபோக்கியில் கரி படிந்தால் ஏறிச் சுரண்ட வேண்டும், பொத்தானைத் தட்டிவிட்டுத் தூங்கப் போக முடியாது. ஒத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் இப்போது ஓட்டுக் கொட்டகை போட்டு, ஆறு மாதக் கட்டையை ஆடியிலேயே அடுக்கிக் காய வைத்துவிடுகிறோம். தூங்கப் போகவும் எனக்கு மனசே வராது!

நம் திருவள்ளூர் மாவட்டமே ஒரு பழைய பட்டறை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் அத்திரம்பாக்கத்தில் கற்கோடரிகளை எடுத்தார். அங்கே மனிதக் கை கல்லைச் செதுக்கிப் பதினைந்து லட்சம் ஆண்டு இருக்கும் என்று 2011இல் ஆராய்ச்சியாளர்கள் கணித்துச் சொன்னார்கள். பட்டரைபெரும்புதூரில் தொல்லியல் துறை தோண்டினால் கற்காலமும் இரும்புக்காலமும் அடுக்கடுக்காக வருகின்றன. ஊர்ப் பெயரிலேயே பட்டறை கேட்கிறது! தச்சூர் என்று சொல்லும்போது வாய்க்குள் உளி தட்டுகிறது! இந்த மண்ணில் யாரோ ஒருவர் எப்போதும் கையில் ஒன்றைச் செய்துகொண்டே இருந்திருக்கிறார். எங்கள் அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு அண்ணன் உட்கார்ந்திருக்கும்போது, பின்னால் இருந்து அந்த நிழலைப் பார்த்தால், அவர் எந்தக் காலத்து மனுஷன் என்றே எனக்குச் சொல்லத் தெரியாது. மார்பெல்லாம் நிறைந்துவிடும்.

ராத்திரி வேலை முடிந்ததும் அண்ணன் கடைசியாக ஒன்று செய்வார். கங்கை எல்லாம் ஒரு மூலையில் ஒதுக்கி, மேலே சாம்பலை மூடுவார், மெத்தைக்கு உறை போடுகிற மாதிரி. நீறு பூத்த நெருப்பு என்று எத்தனை தடவை பேசியிருப்போம், கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? வெளியே சாம்பல் நிறம், தொட்டால் ஆறிப்போன மாதிரி. காலையில் கம்பியால் ஒரு கீறு கீறினால் போதும், உள்ளே இருந்து மாம்பழச் சிவப்பு கண்ணைத் திறக்கும். நேற்றைய நெருப்பில் இன்றைய சீவல் பற்றும். பொங்கல் லீவு தவிர எங்கள் அடுப்பில் தீக்குச்சிக்கு வேலையே இல்லை!

ஆகவே, வாருங்கள். எழுதி என்ன ஆகப்போகிறது, வந்து பார்த்தால்தான் தெரியும். சென்ட்ரலில் முதல் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடியுங்கள். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி தாண்டும்போது ஜன்னலைத் திறந்து குளிரை முகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அது முக்கியம், குளிரோடு வந்தால்தான் அடுப்பின் அருமை தெரியும். ஸ்டேஷனில் நான் வந்து நிற்பேன், என் சட்டையில் சவுக்குப் புகை வாசம் அடிக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பட்டறை வாசலில் அந்த ஆரஞ்சுக் கோட்டைப் பார்த்ததும் நீங்களும் ஓடுவீர்கள் பாருங்கள். வரும்போது ஒன்றே ஒன்று, பொன்னேரியில் இறங்கி ஒரு கட்டுப் பனங்கிழங்கு மட்டும் வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் வந்துவிடுங்கள். நெருப்பு தயாராக இருக்கும்.